மழை இரவில் விழுந்த பாலக்காட்டுக் கோட்டை

வாளையாறு தாண்டி மேற்கே போனால் மலை விலகி நிற்பது தெரியும். இந்தப் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். பீரங்கிப் படை மலையேறாமல் மலபாருக்குள் இறங்க இதைவிட நல்ல வழி இல்லை. அதைக் காக்கத்தான் 1766-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டினார்.

அவரை இங்கே அழைத்தவர் ஓர் இந்து அரசர். 1757-ல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரி நெருக்கியபோது, திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தாராக (படைத்தலைவராக) இருந்த ஹைதரிடம் பாலக்காட்டு அரசர் உதவி கேட்டார். ஹைதர் தன் மைத்துனர் மக்தூம் அலியைப் படையோடு அனுப்பினார். சாமூதிரி போர் இழப்பீடாக 12 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார், ஆனால் தரவில்லை. அந்தக் கடனைக் காரணம் காட்டித்தான் ஹைதர் 1766-ல் மலபாருக்குள் நுழைந்தார்.

1768-ல் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களிலேயே ஹைதர் மீட்டார். பெரிய முற்றுகை நடந்தது 1783 நவம்பரில். ஹைதர் இறந்து ஓராண்டு ஆகவில்லை. அவர் மகன் திப்புவின் கவனமெல்லாம் மங்களூரில். அந்த ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கிய கர்னல் ஃபுல்லர்டன், ஆனைமலைக் காடுகளுக்குள் புகுந்து, விடாத மழையில் படையை நடத்திப் பாலக்காட்டை அடைந்தார்.

13-ஆம் தேதி இரவு மழை கொட்டியது. அந்த மழையையே மறைவாகக் கொண்டு கேப்டன் மெய்ட்லண்ட் வெளியரணில் நின்ற காவலர்களைத் தாக்கினார். பின்வாங்கி ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே இரண்டு வாசல்களைக் கடந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் கலங்கிப்போய்ச் சரணடைந்தார்கள். அதே மாதத்தில் கோயம்புத்தூரும் வீழ்ந்தது.

ஆனால் 1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைப்படி, பிடித்த இடங்களைக் கும்பினி திருப்பித் தர வேண்டியிருந்தது. 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் கோட்டையை மறுபடி பிடித்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை மலபாரையே கும்பினிக்குக் கொடுத்தது.

ஆங்கிலேயர் கிறிஸ்தவர், மைசூர் சுல்தான் முஸ்லிம் என்பதால் இதை மதப்போராகச் சொல்லும் வழக்கம் உண்டு. அது பிழை. கும்பினியின் துப்பாக்கியைத் தூக்கி நடந்த சிப்பாய்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். மைசூரை எதிர்க்கச் சாமூதிரி தரப்பு கும்பினியின் பக்கம் சாய்ந்தது. அவரவர் கணக்கில் இருந்தவை கடனும் வரியும் கணவாயும்தான். மதத்தின் பெயரை இந்தப் போருக்குச் சூட்டினால், அதற்கு உண்மையில் காரணமானவர்களை வரலாற்றின் விசாரணையிலிருந்து நாமே தப்பவிடுகிறோம்.

(தொடரும்)