ஆட்டத்துக்குள் சிறைப்பட்டவர்கள்

தென்னேரி அமைந்த காஞ்சிபுரம் வட்டாரத்தில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஆட்டம் விளையாட்டோடு முடியாது என்பது புதிய செய்தியன்று. பகடை உருண்டால் நாடும் உடன்பிறந்தாரும் மனைவியும் பணயமாகின்றனர்.

ஜப்பானிய அனிமே தொடரான ‘ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்’ பணயமாக வைப்பது உயிரை. ரெகி கவாஹாரா 2002-இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய இக்கதை 2009-இல் நூலாகி, 2012-இல் 25 பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. மெய்நிகர் விளையாட்டொன்றில் 10,000 பேர் சிக்குகிறார்கள். உள்ளே இறந்தால் வெளியிலும் மரணம். 100 தளங்களையும் கடந்தால்தான் விடுதலை. அந்த அச்சத்தின் நடுவிலும் சிலர் வீடு வாங்கி, மணம் புரிந்து வாழத் தலைப்படுவதே தொடரின் வலிமை.

ஆனால் ஈராண்டுச் சிறைவாசம் 14 பகுதிகளில் அவசரமாக முடிந்துவிடுகிறது. பெரிய குறை அதற்குப் பின்னர்தான். வாளேந்தி முன்னணியில் நின்ற அசுனா கூண்டில் அடைபட்டு, நாயகன் மீட்கவேண்டிய பரிசாகிறாள். தப்ப முயல்கிறாள், ஆயினும் கதை அவள் வழியாக நகர்வதில்லை.

நம் கூத்தில் பணயமான திரௌபதியோ, தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவையைக் கேட்கிறாள். விடியும்வரை நம்மை உட்காரவைப்பது அந்தக் கேள்விதான்.