சாரல் காலமும் விடலைப் பருவமும்: தென்காசி வட்டாரத்தில் பிள்ளைக் காவலின் வரலாறு

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாரலாகத் தென்காசிப் பக்கம் இறங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையே இவ்வட்டார மக்கள் 'சீசன்' என்று வழங்குகின்றனர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் சேர்வது கோடை விடுமுறையில் என்றால், குற்றாலத்துப் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிறைவது, பள்ளிக்கூடங்கள் திறந்து புதிய வகுப்புகள் தொடங்கும் நாள்களில்தான். பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, பெயர் அறியாதவர்களாய் நடமாடி, மறுநாள் திரும்பிவிடும் ஒரு பெருங்கூட்டத்துக்கு நடுவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நிலை தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை ஆகிய ஊர்களின் குடும்பங்களுக்கு உண்டு. பதின்பருவத்தினரைக் காக்கும் முயற்சிகளின் வரலாற்றை இவ்வட்டாரத்தில் நின்று பார்ப்பதற்கு இந்நிலையே தக்க காரணமாகிறது.

குடி, புகையிலை, போதைப்பொருள், அடிதடி, உயிரைப் பொருட்படுத்தாத துணிச்சல், பள்ளியை விட்டு நிற்றல் முதலியவற்றை ஒருங்கே 'இடர் நடத்தை' என்று இன்றைய உளவியல் குறிக்கிறது. இவை தனித்தனியே தோன்றுபவை அல்ல, ஒன்று நுழைந்த இடத்தில் மற்றவையும் சேர்ந்து நுழையும் என்பதை அமெரிக்க உளவியலாளர்களான ரிச்சர்ட் ஜெஸ்ஸரும் ஷெர்லி ஜெஸ்ஸரும் 1977இல் வெளியிட்ட தம் நூலில் கோட்பாடாக நிறுவினர். கோட்பாடு புதிது எனினும் கவலை பழையது. தென்காசிப் பகுதியில் அந்தக் கவலை எந்தெந்த வடிவம் எடுத்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், 'பிள்ளை கெட்டுப்போனால் பொறுப்பு யாருடையது' என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை சொல்லி வந்திருப்பது தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அந்த விடையைத் திண்ணைப் பள்ளிக்கூடம் சொன்னது. ஓர் ஆசிரியர், அவருக்கு உதவியாக மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, ஊரார் கொடுக்கும் நெல்லும் பணமும் என்று நடந்த அந்தப் பள்ளியில், ஆசிரியரின் அதிகாரம் திண்ணையோடு நின்றுவிடவில்லை. வீட்டில் பிள்ளை செய்த குறும்பும், ஊருணிக்கரையில் செய்த வம்பும் வாத்தியாரிடம் முறையீடாக வந்து சேர்ந்தன; கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று தகப்பனே சொல்லி ஒப்படைப்பது வழக்கமாக இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' போன்ற தண்டனைகள் அந்த முறையின் கொடுமையான பக்கம். வீடும் பள்ளியும் தெருவும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் வழிதவறுவது அரிதாயிற்று என்பது அதன் வலிமையான பக்கம். ஆனால் அந்தக் கண்காணிப்பின் எல்லையைச் சாதியே வகுத்தது. திண்ணையில் ஏற உரிமை இல்லாத சேரிப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கும் அதில் இடமே இல்லை. பழைய ஊர்க் கட்டுப்பாட்டைப் பொற்காலமாக நினைத்து ஏங்குவோர் இந்தக் குறையை மறந்துவிடலாகாது.

கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு 1904இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், அதுவரை பாளையங்கோட்டை வெள்ளை அதிகாரிகளும் வசதி படைத்தோரும் யாத்திரிகர்களும் நாடிய குற்றாலம் பொதுமக்களின் ஊராக விரியத் தொடங்கியது. ஊரறிந்த முகங்களைக் கொண்டு நடந்த காவல், முகமறியாக் கூட்டத்தின் முன் செல்லுபடியாகவில்லை. அதே காலகட்டத்தில் அரசின் சட்டம் பிள்ளைகளின் வாழ்வுக்குள் நுழைந்தது.

சென்னை மாகாணத்தில் குற்றம் புரிந்த சிறுவர்களுக்கென்று செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. சிறைச்சாலைக்குள் சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைப்பது அவர்களைத் திருத்தாது, தேர்ந்த குற்றவாளிகளாக்கும் என்ற கருத்து வலுப்பெற்றதன் விளைவாக, இந்தியாவிலேயே முதலாவதான சிறுவர் சட்டம் 1920இல் சென்னையில் இயற்றப்பட்டது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதைப் பின்பற்றின. பெற்றோரை நீதிமன்றத்துக்கு வரவழைக்கவும், பிள்ளைக்கு விதித்த அபராதத்தை அவர்களே கட்டும்படி ஆணையிடவும் அச்சட்டம் இடம் கொடுத்தது. வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்து நின்ற குடும்பம் அரசின் முன் பதில் சொல்ல வேண்டிய தரப்பாக மாறியதை இந்த ஏற்பாட்டில் காணலாம்.

சிறுவர் சட்டத்தின் வயதைக் கடந்தவர்களுக்காக வந்தது பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பார்ஸ்டல் என்னும் சிற்றூரில் 1902இல் தொடங்கிய சோதனை முயற்சியால் அப்பெயர் ஏற்பட்டது. சிறைத் தண்டனைக்குப் பதிலாகக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, ஒழுங்கான நாள்முறை ஆகியவற்றால் இளைஞரைத் திருத்துவது அதன் நோக்கம். 16 முதல் 21 வயது வரையிலான குற்றவாளிகளை 2 ஆண்டுக்குக் குறையாமலும் 5 ஆண்டுக்கு மிகாமலும் அங்கு வைத்திருக்கவும், நன்னடத்தை கண்டு முன்னதாகவே நிபந்தனையின் பேரில் வெளியே விட்டுக் கண்காணிக்கவும் சென்னைச் சட்டம் வகை செய்தது. திருநெல்வேலிச் சீமையின் மாவட்டச் சிறையாக இருந்த பாளையங்கோட்டைச் சிறைச்சாலை 1929 முதல் பார்ஸ்டல் பள்ளியாக இயங்கி, 1960களின் இறுதியில் மத்தியச் சிறையாயிற்று. தறியும் தச்சும் கற்றுக்கொடுத்த அந்த நிறுவனத்தைச் சிறையோடு ஒப்பிட்டால் மனிதநேயம் மிக்க முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். எனினும், குற்றம் நடந்து வழக்காகித் தீர்ப்பான பிறகே அது பிள்ளையைச் சந்தித்தது. வீட்டிலிருந்து பிரித்துச் சீர்படுத்திய பிள்ளையை மறுபடி அதே வீட்டுக்கும் தெருவுக்கும் அனுப்பும்போது அங்கே எதுவும் மாறியிருக்கவில்லை. வருமுன் காத்தல் என்னும் பணி அந்த மதில்களுக்கு வெளியேதான் இருந்தது.

மதிலுக்கு வெளியே அரசு கையாண்ட மிகப் பெரிய கருவி மதுவிலக்கு. இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுமைக்கும் பரவியது. பனையேறுதல் பெருந்தொழிலாய் இருந்த நெல்லைச் சீமையில் கள்ளுக்கடை மூடியதால் பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன, கள்ளச்சாராயமும் தலையெடுத்தது. ஆனாலும் ஒரு தலைமுறைப் பையன்கள் வெளிப்படையான மதுக்கடையைத் தெருவில் காணாமலே வளர்ந்தனர் என்பது சிறிய செய்தி அன்று. 1971இல் விலக்கு தளர்த்தப்பட்டு, மீண்டும் அமலாகி, மீண்டும் தளர்ந்து, 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கக் கூடாது. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டிய கேரளத்தில் அந்த வயது 23. எல்லை ஊர்களின் இளைஞருக்கு இவ்விரண்டு எண்களுமே தெரியும். ஆனால் வயதைக் கேட்டு மறுக்கும் விற்பனையாளர் இல்லாத இடத்தில் இரண்டுமே ஏட்டளவில் நின்றுவிடுகின்றன.

இடர் நடத்தை என்றதும் குடிக்கும் பையனின் உருவமே பலர் மனத்தில் தோன்றுகிறது. தென்காசி வட்டாரத்தின் வரலாறு பெண் பிள்ளைகளின் பக்கம் வேறொன்றைக் காட்டுகிறது. தென்காசி, கடையம், ஆலங்குளம், முக்கூடல் பகுதிகளில் வீட்டுக்கு வீடு பரவிய பீடித் தொழிலில், கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து சுற்றிக் கட்டாகத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்திவிட்டு, முறத்தை மடியில் வைத்துத் தாயோடு உட்கார்ந்து பீடி சுற்றிக் கல்யாணத்துக்குச் சேர்ப்பதே ஒரு பெண்ணின் பதின்பருவம் என்று ஆனது. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்கூடங்களில் அமர்த்தத் தடை விதித்தது. வேலையோ வீட்டுத் திண்ணையில் நடந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் 1986இல் குடும்பத்தாரோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. இளமையில் புகையிலைத் தூசியோடு பழகுவதும், படிப்பின்றி விரைவில் மணமுடிக்கப்படுவதும் 'ஒழுங்கான' குடும்பங்களுக்குள் நடந்த இடர்கள் ஆதலால் அவற்றைக் காவல்துறையோ நீதிமன்றமோ கண்டுகொள்ளவில்லை.

அந்த இடரைத் தடுத்தது தண்டனை அன்று. காமராசர் ஆட்சிக் காலத்தில் 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம், ஏழை வீட்டுப் பிள்ளையைப் பசியின் காரணமாகப் பள்ளியை விட்டு நிற்காமல் பிடித்து வைத்தது. மேல்வகுப்புகளையும் கல்லூரியையும் பொறுத்தவரை, தூரமும் பாதுகாப்பும் பெற்றோரின் தயக்கத்துக்குக் காரணங்களாய் இருந்தன. குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் 1964இல் குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியைத் தொடங்கியது அந்தத் தயக்கத்துக்கு நேரடியான மறுமொழியாக அமைந்தது. கோயிலை நம்பிய குடும்பம், கோயில் நடத்தும் கல்லூரியையும் நம்பி மகளை அனுப்பியது. பீடி சுற்றிய தாய்மார்களின் மகள்கள் பட்டம் பெறுவதற்கு இத்தகைய வாயில்கள் தேவைப்பட்டன. ஒரு பெண் 18 வயது வரை படித்துக்கொண்டிருப்பதே அவளைச் சூழும் பல இடர்களைத் தள்ளிப்போட்டுவிடுகிறது. இவ்வட்டாரத்தில் வருமுன் காத்தலின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு எதுவெனக் கேட்டால், எச்சரிக்கைப் பலகையையோ சோதனைச்சாவடியையோ சுட்டுவதைவிட இக்கல்லூரியைச் சுட்டுவதே பொருத்தம்.

அண்மை ஆண்டுகளில் கவலை மறுபடி பையன்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதும், அதன் தொடர்ச்சியான அடிதடியும் வளர்ந்து, நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதில் முடிந்தது. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறுகளுக்கும் சாதி அடையாளங்களுக்கும் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. இங்கும் கயிற்றைக் கட்டி அனுப்பும் பெரியவர் யார் என்ற கேள்வி தப்ப முடியாதது. பதின்பருவப் பையன் சாதிப் பெருமையைத் தானே கண்டுபிடிப்பதில்லை. திருவிழாப் பதாகையிலும் வீட்டுப் பேச்சிலும் கேட்டதையே அவன் வகுப்பறைக்கு எடுத்து வருகிறான்.

சட்டத்தின் போக்கு இதற்குள் பெரிதும் மாறிவிட்டது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு எங்கும் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வழி செய்கிறது. 1887இல் சிறுவனை அடைத்து வைக்க இடம் தேடிய சட்டம், இன்று அவன் கையில் பொருளைக் கொடுத்தவரைத் தேடுகிறது. இவ்வாறு பொறுப்பைப் பெரியவர்களின் பக்கம் திருப்புவதால் விளையக்கூடிய பயனை ஐஸ்லாந்து நாட்டில் காணலாம்: 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையுற்றோர் 1998இல் 42 விழுக்காடாக இருந்து 2016இல் 5 விழுக்காடாகக் குறைந்தனர். அங்கே மாலைதோறும் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு இடமும் பணமும் கொடுத்தது. பெற்றோர் குழுக்கள் இரவில் தெருக்களில் உலாவி, வெளியே நின்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின.

குற்றாலத்தில் அத்தகைய பெரியவர்களின் உலா இன்னும் அருவிகளைச் சென்றடையவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அவன் தன் உறவினரோடு குளிக்க வந்தவனே, எந்தத் தீய பழக்கத்தாலும் இறந்தவன் அல்லன். அதன்பின் அருவிகளில் குளிக்கத் தடை, எச்சரிக்கை ஒலி, காவலர் நிறுத்தம் என நிர்வாகம் செய்தவை தேவையானவை. ஆனால் சீசன் நாளில் பள்ளிச் சீருடையோடு அருவிக்கரையில் நிற்கும் மாணவனைக் கண்டு எந்தப் பள்ளி என்று கேட்கும் பொறுப்பு எச்சரிக்கை ஒலிக்கு இல்லை. அது கடைக்காரர், பேருந்து நடத்துநர், விடுதி மேலாளர், காவலர், வகுப்பாசிரியர், வீட்டார் ஆகியோருக்கிடையே இன்னும் பங்கிடப்படாமலே கிடக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கு அந்தப் பங்கீட்டைச் செய்துகொள்ளும் நிர்வாக அமைப்பு இப்போது கையருகில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையர் என்பதால், அடுத்த ஜூன் மாதத்துக்கு முன்பே அவை கூடி முடிவெடுக்கத் தடையேதும் இல்லை.