மலைநாட்டார்க்குச் சரித்திரம் இல்லையோ?

நிகழ்ந்தவற்றை உள்ளவாறு உரைப்பது சரித்திரம். அவை ஏன் நிகழ்ந்தன, எதனை நோக்கிச் செல்லுகின்றன என ஆராய்வது சரித்திர தத்துவம். பின்னது ஏட்டளவில் அடங்கிக் கிடப்பதன்று; சட்டமாக மாறி எளியோர் நிலத்தின்மேல் வந்து நிற்பதும் உண்டு. இதனை நம் போளூரை அடுத்த சவ்வாது மலையைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அமெரிக்காவை நோக்குக. 1607-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆங்கு ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்துக் குடியேறினர். முதற் குளிர்காலத்தில் அவர்க்கு உணவாகி உதவியது பவ்ஹாத்தன் என்னும் பழங்குடியினர் விளைத்த மக்காச்சோளம். அங்ஙனமிருந்தும், 1689-இல் வெளிவந்த தம் நூலில் ஜான் லாக் என்னும் ஆங்கில அறிஞர், உழைப்பால் திருத்திய நிலமே ஒருவனுக்கு உரிமையாம் என்றும், அப்பழங்குடியினர் நிலம் பெரும்பாலும் திருத்தப்படாத தரிசென்றும் கொண்டனர். உண்ட சோற்றை மறந்த தத்துவம் இது!

இந்தியாவுக்கு வந்தறியாதவரும், இந்நாட்டு மொழி ஒன்றேனும் கல்லாதவருமாகிய ஜேம்ஸ் மில், 1817-இல் இந்திய சரித்திரம் வெளியிட்டு, மக்களினங்களை நாகரிகப் படிகளில் நிறுத்தி, நம்மவரைக் கீழ்ப்படியில் வைத்தனர். 1819-இல் கும்பினியார் அவரைத் தம் லண்டன் அலுவலகத்திலேயே அமர்த்திக்கொண்டனர்.

நிற்க. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியார் வசமாயிற்று. நம் பகுதியும் உடன் சென்றது. இரயில் பாதைக்கும் எரிவிறகுக்கும் மரம் வேண்டிய ஆங்கில அரசு, 1882-இல் சென்னை வனச் சட்டத்தை இயற்றியது. காப்புக்காடு என்று எல்லையிட்ட இடத்தில், அனுமதியின்றி மரம் வெட்டுதலும் உழுதலும் மேய்த்தலும் குற்றமாயின. காட்டை வெட்டிச் சுட்டுச் சாமையும் தினையும் விதைத்து, பின் அந்நிலத்தைச் சில ஆண்டு ஆறவிடுவது மலையாளிகள் எனப்படும் நம் மலைவாழ் தமிழரின் வழக்கம். அது அழிம்பு எனப்பட்டது. லாக்கின் தரிசும் மில்லின் படியும் ஒருங்கே மலையேறின. காடு காத்தல் நன்றே; காட்டில் வாழ்வாரைக் கேளாது காத்தல் நன்றன்று.

இம்மலைநாட்டார் சரித்திரமற்றவரோ? செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில் இந்நாட்டு மலைவழிகளையும் தினைப்புனங்களையும் குறவர் விருந்தோம்பலையும் காட்டுகின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் 1972-இல் நூலாகவே வெளிவந்தன. மலையாளிகளிடத்தும் ஒரு வழக்குண்டு: தம் முன்னோர் காஞ்சியினின்று புறப்பட்ட வேளாளர் எழுவர், பாலாற்று வெள்ளத்தில் அவர்தம் நாய்கள் மட்டும் வீடு திரும்ப, அவர் மாண்டனர் எனக் கருதிச் சுற்றத்தார் ஈமக்கடன் கழித்தனர், மீண்டு வந்தோர்க்கு ஊரில் இடமின்மையால் வேடர் மகளிரை மணந்து மலையேறினர் என்பது. இதனை நடந்தவாறே கொள்ளல் வேண்டா. யாம் யாவர், ஏன் ஈண்டுள்ளோம் என்று தாமே வினாவி விடைகண்டமையின், இதுவும் ஒரு சரித்திர தத்துவமே ஆகும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனவாசிகளுக்குச் சரித்திர வழியாக இழைக்கப்பட்ட அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள 124 ஆண்டுகள் சென்றன.

சங்கத்து அன்பர்களே! நம் குல வரலாற்றை எழுதப் புகுவோர் பலர் நம்மிடையே உளர். நம்மைக் கீழே நிறுத்திய அதே ஏணியை எடுத்து, நமக்கு மேற்படியும் மலையோர்க்குக் கீழ்ப்படியும் தேடுதல் தகுமோ? முன்னோர் பெருமையை எழுதுக. பிறர் சிறுமையை அதற்கு அடித்தளமாக்கற்க. மலையினின்று சாமையும் தேனும் கொண்டு போளூர்ச் சந்தைக்கு வருவாரிடம் விலை கேட்கும் நாம், அவர் முன்னோர் கதையையும் ஒருமுறை கேட்போமாக.