ஒரு கூட்டல் குறியும் ஒரு குதிரைக்குட்டியும்

வாட்ஸப்பில் ஒரு படம் சுத்துது. ஒரு பக்கம் தமிழி எழுத்து உள்ள பானை ஓடு, இன்னொரு பக்கம் கிரீட் தீவின் களிமண் பலகை. ரெண்டுலயும் + குறி. "பார்த்தீர்களா, ரெண்டும் ஒன்றே!" இதுவரைக்கும் நாலு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. அதுக்காகத்தான் இந்த த்ரெட்.

வடிவம் ஒண்ணுதான், மறுக்கல. ஆனா தமிழியில் அது "க". கிரீட்டில் கிடைத்த லீனியர் பி எழுத்தில் "ரோ". சைப்ரஸ் தீவின் பழைய எழுத்தில் "லோ".

உடம்பில் சிவப்புத் தடிப்புன்னு ஒருத்தர் வர்றார். அம்மையா இருக்கலாம், மாத்திரை அலர்ஜியாவும் இருக்கலாம். தடிப்பை மட்டும் பார்த்து எழுதிட முடியுமா? ரெண்டு கோட்டைக் குறுக்கே போட்டா + வந்துடும். யார் வேணாலும் போடலாம்.

ஆனா "ரோ"வும் "லோ"வும் தற்செயல் இல்லை. அது எப்படித் தெரிஞ்சதுங்கிறதுதான் சுவாரஸ்யம்.

கிரீட்டின் க்னோசோஸ் அரண்மனையை 1900-ல் தோண்ட ஆரம்பிச்சவர் ஆர்தர் எவான்ஸ். கிடைச்ச பலகைகளை யாராலும் படிக்க முடியல. சைப்ரஸ் எழுத்து 1870-களிலேயே படிக்கப்பட்டாச்சு, பெரும்பாலும் கிரேக்க மொழி. ரெண்டுக்கும் ஏழெட்டுக் குறிகள்தான் பளிச்சுன்னு ஒத்துப்போகும்.

ஒரு பலகையில் பிடரி மயிர் இல்லாத குதிரைத் தலை. பக்கத்துல ரெண்டே எழுத்து, ரெண்டாவது +. சைப்ரஸ் ஒலியைப் போட்டுப் படிச்சா "போ-லோ". கிரேக்கத்தில் "போலோஸ்" என்றால் குதிரைக்குட்டி!

எவான்ஸே இதைக் கவனிச்சார். கவனிச்சும் தற்செயல்னு ஒதுக்கிட்டார். கிரீட் நாகரிகம் கிரேக்கர்களுடையது இல்லைன்னு அவர் ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு. டயக்னோசிஸை முதல்லயே எழுதிட்டு, அதுக்கு ஒத்துவராத லேப் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுற டாக்டர் மாதிரி. (எங்க தொழிலில் இது அபூர்வம்னு நினைக்காதீங்க.)

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்ததா பின்னாடி வந்தவங்களுக்குத் தோணுச்சு. கிரேக்கச் சொற்கள் நிறைய "ஸ்"ல முடியும். சைப்ரஸ்காரங்க அதை "ஸே" குறி போட்டு எழுதுவாங்க. லீனியர் பி-யில் அதே வடிவக் குறி சொல்லின் கடைசியில் வர்றதே அபூர்வம். அப்போ கிரேக்கம் இல்லைதானே? இல்லை. கிரீட்டின் எழுத்தர்கள் கடைசி "ஸ்"ஸை எழுதாமலே விட்டுட்டாங்க, அவ்வளவுதான். டெஸ்ட் நெகட்டிவ், நோய் இருக்கு.

முடிச்சை அவிழ்த்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக் கலைஞர். சொல்லின் கடைசி எப்படியெல்லாம் மாறுதுன்னு ஆலிஸ் கோபர் பொறுமையா ஆராய்ஞ்சு வச்சிருந்தார். அந்த வழியில் போய், எந்தெந்தக் குறிக்கு ஒரே மெய், எதெதுக்கு ஒரே உயிர்னு வென்ட்ரிஸ் கட்டம் போட்டார். நம்ம உயிர்மெய் அட்டவணைதான், ஒலி மட்டும் காலி!

அப்புறம்தான் வடிவ ஒப்பீடு. அம்பு மாதிரி இருக்கிற குறி சைப்ரஸில் "தி". இன்னொண்ணு "ந". அதை மட்டும் நிரப்பினார். "ந" வரிசையும் "தி" வரிசையும் சந்திக்கிற கட்டம் என்ன? ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்: "நி". அந்தக் குறி வர்ற ஒரு சொல்லை அ-?-நி-? வரைக்கும் படிக்க முடிஞ்சது. க்னோசோஸின் துறைமுகம் அம்னிசோஸ்! அதிலிருந்து "மி", "ஸோ". அடுத்து கோ-நோ-ஸோ, அதாவது க்னோசோஸ்.

1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் அறிவித்தார்: இது கிரேக்கம்.

கட்டம் நிரம்பினதும் + தானா "ரோ"ன்னு வந்தது. லீனியர் பி-யில் ர, ல ரெண்டுக்கும் ஒரே குறி. நாம ஒரே "ப"வை வச்சு "பல்"லும் "தம்பி"யும் எழுதுற மாதிரி. ரெண்டு தீவு எழுத்துக்கும் மூலம் கிரீட்டின் இன்னும் பழைய லீனியர் ஏ. நம்ம "க"வுக்கு அப்படி ஒரு கட்டமும் இல்லை, கிரீட்டோடு சேர்க்கிற ஒரு சொல்லும் இல்லை.

எவான்ஸ் 1941-லேயே இறந்துட்டார். அந்தக் குதிரைக்குட்டியைத் தான் சரியாப் படிச்சது அவருக்குத் தெரியாது.