கணிப்பொறிக்குள் வந்த ஜப்பானிய முரசு

ஜப்பானியக் கோயில் விழாக்களில் முழங்கும் பெருமுரசுக்குத் தாய்க்கோ என்று பெயர். 2001-ஆம் ஆண்டில் நாம்கோ நிறுவனம் இம்முரசை விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டு வந்தது. 'தாய்க்கோ நோ தாட்சுஜின்', அதாவது 'முரசு வல்லுநர்', என்பது அவ்விளையாட்டின் பெயர். திரையில் சிவப்பு வட்டம் வந்தால் முரசின் நடுவே அடிக்க வேண்டும். நீல வட்டம் வந்தால் விளிம்பில் தட்ட வேண்டும்.

அடி விழுந்ததை இயந்திரம் எவ்வாறு அறிகிறது? சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள் அல்லவா? அவ்விளைவே இங்கும் பயன்படுகிறது. அடிபடும் பரப்பின் கீழுள்ள உணர்வி, அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகிறது.

பின்னர் ஆர்வலர்கள் இவ்விளையாட்டை வீட்டுக் கணிப்பொறியில் ஆடும்படி நிரல்கள் எழுதினார்கள். 2007-இல் வெளிவந்த 'ஓசு' என்னும் இலவச விளையாட்டிலும் முரசு முறை சேர்க்கப்பட்டது. நிறுவனத்தின் சொந்த வடிவமும் 2022-இல் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு வந்தது. விசைப்பலகையில் நான்கு விசைகளே முரசு: இரண்டு நடுவுக்கு, இரண்டு விளிம்புக்கு.

ஆனால் விசை, ஒலி, திரை ஒவ்வொன்றும் சிறிது காலம் தாழ்த்துகிறது. விநாடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் 3 படத் தாமதம் 50 மில்லிவிநாடி ஆகும். சரியாக அடித்தவரும் தவறியவராகி விடுவார்! எனவேதான் தாமதத்தை அளந்து கழிக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். தாளம் தப்பினால் கையை மட்டும் குறை கூறாதீர்கள். கருவி எடுக்கும் காலத்தையும் கணக்கிடுங்கள்.