உலையும் தோய்ச்சலும்: எஃகுத் தொழிற்சொற்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆய்த எழுத்திற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் காட்டும் சொற்களுள் ‘எஃகு’ என்பதும் ஒன்று. சங்க நூல்களில் அச்சொல் பெரும்பாலும் வேல் முதலிய கூரிய படைக்கலங்களைச் சுட்டுகின்றது. கூர்மை என்னும் பொருளும் அதற்கு உண்டு. பிற்காலத்தே அது படைக்கலம் செய்தற்குரிய உலோகத்தின் பெயராயிற்று. இரும்பு, எஃகு, உருக்கு ஆகிய மூன்றையும் ஒருபொருட் சொற்களாகக் கொண்டு உரை கூறிச் செல்வது நம்மிடையே வழக்கம். கொல்லனுக்கோ அவை ஒன்றல்ல. ஒரே இரும்பு, காய்ந்த அளவாலும் ஆறிய முறையாலும் வேறு வேறு பொருளாகின்றது என்பதை அவன் அறிவான். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமல் தொழிற்சொற்களில் தங்கியிருந்தது என்பதும், அச்சொற்களைத் தொகுத்தல் தமிழ்த் துறைகளின் கடமை என்பதும் இக்கட்டுரையால் யாம் நிறுவக் கருதுவன.

நிலமும் சான்றும்

இவ்வாய்வுக்குத் திருவண்ணாமலை வட்டாரம் தக்கதொரு களமாகும். நகரை அடுத்துள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் காந்த இரும்புத் தாது உண்டு. மேற்கே உள்ள செங்கம், மலைபடுகடாத்தின் தலைவனான நன்னனது செங்கண்மா எனக் கொள்ளப்படுவது. அப்பகுதியின் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. வாளும் குறுவாளும் வில்லும் ஏந்திய வீரர் அக்கற்களில் நிற்கின்றனர். அக்கருவிகளை ஆக்கிய கொல்லரைக் கல் காட்டவில்லை.

அவர்தம் தொழிலுக்குச் சான்று மண்ணிலிருந்து கிடைத்தது. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்சிறுவளூரில் புடக்குகைச் சிதைவுகளைக் கண்டு, அங்கு எஃகு உருக்கப்பட்டமையைச் சாரதா சீனிவாசன் 1994இல் வெளியிட்டார். கொங்குநாட்டுக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளும் உலைகளையும் புடக்குகைகளையும் வெளிப்படுத்தின. எனவே, புடக்குகையில் எஃகு ஆக்கும் தொழில் தமிழகத்திற்கு உரியதென்பது துணிபு.

இருமுறை காய்ச்சல்

இத்தொழில் நடைபெற்ற முறையைச் சென்ற நூற்றாண்டுகளின் ஆங்கிலேயர் சிலர் நேரிற்கண்டு எழுதியுள்ளனர். அவருள் பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய சோசயா மார்ஷல் ஹீத் குறிப்பிடத்தக்கவர். அவர் தரும் செய்தியின் சுருக்கம் வருமாறு: அடித்துத் தூய்மை செய்த இரும்பைத் துண்டுகளாக்கி, ஆவாரை விறகின் சிறு துண்டுகளோடு களிமண் குகையில் இட்டு, எருக்கிலை முதலியவற்றால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இத்தகைய குகைகள் பலவற்றை ஓருலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் இரும்பு உருகி எஃகுக் கட்டியாகும்.

இதுவரை கூறியதை எல்லோரும் எடுத்துக் காட்டுவர். இதன்பின் நிகழ்வதே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அக்கட்டியைக் கொல்லர் உடனே அடிப்பதில்லை. உருகும் நிலைக்குச் சற்றே கீழான சூட்டில், துருத்திக் காற்றுப் படுமாறு புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் காய்ச்சுவர். பின்னரே கம்பியாக நீட்டுவர். முதற்காய்ச்சல் எஃகை ஆக்குகின்றது. இரண்டாங்காய்ச்சல் அதனை அடித்தற்கு உரியதாக்குகின்றது. இவ்விரண்டாவதன் தேவை யாது?

அணுக்கட்டில் நிகழும் மாற்றம்

இன்றைய உலோகவியல் இதற்கு விடை தருகின்றது. புடக்குகை எஃகில் கரி நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை உண்டு. 727 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பின் அணுக்கள் வேறோர் அடுக்கில் அமைந்து, கரியைத் தம்முள் ஏற்கும் ஆற்றல் பெறுகின்றன. அந்நிலைக்கு ஆஸ்டெனைட் என்பது பெயர். உலையிலிருந்து மெல்ல ஆறும்போது, அடங்காத கரி இரும்போடு கூடிச் சிமென்டைட் என்னும் கடிய பொருளாகி, மணிகளின் எல்லையெங்கும் வலைபோற் படிகின்றது. எஞ்சியது சிமென்டைட்டும் மெல்லிரும்பும் மாறிமாறி அடுக்கிய பெர்லைட் ஆகின்றது. அவ்வலை உள்ளவரை கட்டியை அடித்தால் வலையின் வழியே உடைந்து சிதறும். நெடுநேரக் காய்ச்சல் புறத்தே உள்ள மிகுகரியைக் குறைக்கின்றது. அகத்தே வலையைத் தளர்த்துகின்றது. அதன்பின் மட்டான செஞ்சூட்டில் அடிக்க அடிக்க வலை அறுந்து சிறு மணிகளாகப் பரவுகின்றது. வலையாய் நின்று முறிவுக்கு வழிசெய்த பொருளே மணியாய்ப் பரவி அலகுக்கு உறுதி தருகின்றது.

ஐரோப்பியர் இதனை உணர நெடுங்காலம் ஆயிற்று. 1795இல் சார்ச்சு பியர்சன் இவ்வெஃகை ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் இலண்டன் அரச கழகத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். 1819இல் மைக்கேல் பாரடே அதன் கூறுகளைப் பகுத்து, பின் ஸ்டோடார்ட்டு என்னும் கருவி வினைஞரோடு பல உலோகக் கலவைகளைச் செய்து பார்த்தார். எதனைச் சேர்த்தால் இவ்வெஃகு வரும் என்பதே அவர்தம் வினா. எவ்வாறு காய்ச்சி ஆற்றினால் வரும் என்பதையும் சேர்த்து நோக்கிய உருசிய நாட்டு அனோசாவ் 1841இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1998இல் வெர்கோவனும் பென்ட்ரேயும், வனேடியம் போன்ற நுண்ணிய கலப்பும் மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தலும் ஒருங்கு கூடியே அலகின் அலைவரி தோன்றுகின்றது என விளக்கினர். மூலப்பொருளுக்கும் முறைக்கும் இதில் ஒத்த பங்கு உண்டு என்பது தெளிவு.

தோய்ச்சலும் பதமும்

அடித்து வடித்த அலகுக்குக் கூர்மையை நிலைநிறுத்துவது தோய்ச்சல். ஊர்க் கொல்லர் இதனைத் ‘துவைச்சல்’ என்றும் வழங்குவர். செங்கனிச் சூட்டிலுள்ள எஃகை நீரில் அமிழ்த்தினால், கரி வெளியேறப் பொழுதின்றி இரும்பின் அடுக்கினுள்ளேயே சிறைப்படுகின்றது. அடுக்கு திரிந்து மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடிய நிலை பிறக்கின்றது. அது கடியதாயினும் கண்ணாடிபோல் நொறுங்குவது. ஆதலின் மீண்டும் இளஞ்சூடு காட்டிச் சிறிது தளர்த்தல் வேண்டும். அப்போது தேய்த்துத் துலக்கிய அலகின்மேல் ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் மஞ்சளும், 280 பாகையில் ஊதாவும், 300 பாகையில் நீலமும் தோன்றும். வெப்பமானி இல்லாத கொல்லனுக்கு இந்நிறங்களே அளவுகோல். தக்க நிறத்தில் நிறுத்துவதே பதம்.

புறநானூற்று 21ஆம் பாட்டு ஈண்டு நோக்கற்பாலது. உக்கிரப்பெருவழுதி கைக்கொண்ட கானப்பேரெயிலை மீட்டல் அரிதென்பதற்கு, உலையிற் காய்ந்த இரும்பிற் பட்ட நீர் மீளாமையை ஐயூர் மூலங்கிழார் உவமை கூறுகின்றார். இதனை மீளாமைக்கு உவமை என்ற அளவில் நாம் விட்டுவிடுகின்றோம். புலவர் நீர் இழந்ததை நோக்குகின்றார். கொல்லனோ இரும்பு பெற்றதை நோக்குவான். எனினும் இப்பாட்டைக் கொண்டு அக்காலத்தே எஃகைத் தோய்த்துக் கடினமாக்கினர் எனத் துணிதல் பொருந்தாது. கரி மிகக் குறைந்த இரும்பு நீரில் தோய்ந்தும் அத்துணைக் கடினம் அடைவதில்லை. காய்ந்த இரும்பில் நீர் படுதல் புலவர்க்கும் கேட்போர்க்கும் பழகிய காட்சி என்பதே இப்பாட்டால் பெறப்படும். அதற்கு மேலான முடிவை அகழ்ந்தெடுத்த கருவிகளின் நுண்ணோக்கி ஆய்வே தரவல்லது.

தொழிலின் மறைவும் சொல்லின் மறைவும்

1853இல் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் குழுமம், திருவண்ணாமலையைத் தன்னகத்தே கொண்டிருந்த அந்நாளைத் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் ஓர் ஊதுலையும், கோவை மாவட்டக் காவிரிக் கரையில் மற்றொன்றும் எழுப்பிற்று. 1858இல் அவை நின்றன. பரங்கிப்பேட்டை ஆலை 1866இல் ஓய்ந்தது. விறகுக்கரியை நம்பிய பேருலைகளும், அவற்றிற்கு முற்பட்ட ஊர்ச் சிற்றுலைகளும், கப்பலில் வந்த மலிவான இரும்பின் முன் நிற்கவில்லை. உருக்குவோர் மறைந்தனர், வந்த இரும்பை அடிப்போர் மட்டும் எஞ்சினர். இன்று வட்டாரச் சந்தைகளில் ஆலை அரிவாள் விற்பனையாகும் நிலையில் அவர்தம் பட்டறைகளும் அருகி வருகின்றன.

அவர்களோடு சொற்களும் செல்கின்றன. உணவைக் கெடாமற் காத்தல், தோலைப் பண்படுத்தல், எஃகைத் தளர்த்தல் ஆகிய மூன்றிற்கும் நம் பாடநூல் நடை ‘பதப்படுத்தல்’ என்னும் ஒரு சொல்லையே ஆள்கின்றது. காய்ச்சல், தோய்ச்சல், பதம் எனக் கொல்லர் பகுத்து வைத்தவற்றை நாம் மீண்டும் ஒன்றாக்கிவிட்டோம். மயிலாடும்பாறை இரும்பின் காலம் பொ.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபோது தமிழுலகம் மகிழ்ந்தது, மகிழ்தற்குரியதே. ஆயின் இரும்பின் தொன்மையை ஆய்வுக்கூடம் நாளையும் அளக்கும். முதிய கொல்லர் ஒருவர் நாவிலுள்ள சொல்லை நாளை அளக்க இயலாது.

ஆகவே, பட்டமேற்படிப்பு மாணவர் தத்தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, ஒவ்வொரு சூட்டு நிறத்திற்கும் தோய்ச்சல் வகைக்கும் வழங்கும் பெயரை, அது குறிக்கும் செயலோடு சேர்த்துக் குறித்துக் கொணர்தல் வேண்டும். உலோகவியலார் துணையோடு அவற்றை ஆராய்ந்தால், கலைச்சொல்லாக்கத்திற்கு வளமும் சங்கப் பாட்டின் உரைக்குத் தெளிவும் ஒருங்கே கிட்டும் என்பது எம் துணிபு.