புற்றை அறிந்தவர்கள்: குமுளி மலையின் காளான் வரலாறு

தென்மேற்குப் பருவமழை கேரள-தமிழக எல்லையில் உள்ள குமுளி மலையில் இறங்கி, இடியும் மழையும் மாறிமாறி வரும் நாட்களில் கரையான் புற்றுகளைச் சுற்றி வெள்ளைக் காளான் கிளம்பும். அதைப் பறித்து, மண் போகக் கழுவி, மஞ்சள் நீரில் அலசி, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் சேர்த்துச் சமைப்பது இந்த மலையில் வாழும் மூன்று தரப்பாருக்கும் பொதுவான வழக்கம். காட்டின் மூத்த குடிகளான மன்னான்களும் பளியர்களும் ஒரு தரப்பு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் இன்னொன்று. திருவிதாங்கூர்ச் சமவெளியிலிருந்து குடியேறிய மலையாள விவசாயிகள் மூன்றாவது. காட்டுக் காளானில் ஆளைக் கொல்லும் வகைகள் இருக்க, இவர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படித் தின்று பிழைத்தார்கள்? மஞ்சள் போட்டுப் பார்த்தார்கள், நிறம் மாறினால் கொட்டிவிட்டார்கள் என்பதே எங்கும் கேட்கும் பதில். அந்தப் பதில் தவறு என்பது என் வாதம். இவர்களைக் காத்தது இடத்தைப் பற்றிய அறிவு: எந்தப் புற்று, எந்த மாதம், யார் காட்டிக்கொடுத்தது என்ற அறிவு. அடுப்படிச் சோதனைக்கு அதில் பங்கே இல்லை. குமுளியின் கடந்த 140 ஆண்டு வரலாற்றைப் படித்தால் அந்த அறிவு எப்படிக் கட்டுக் குலைந்தது என்பதும் தெரியவரும்.

புற்றுக்காளான் மற்றக் காளான்களைப் போல எங்கு வேண்டுமானாலும் முளைப்பதில்லை. கரையான் மென்று செரித்த இலையையும் மரத்தையும் கொண்டு நிலத்துக்கடியில் பஞ்சு போன்ற திட்டுகளைக் கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. கரையானுக்கு அந்தப் பூஞ்சை உணவு. பூஞ்சைக்குக் கரையான் காவல். மழைக்காலத்தில் அந்தத் திட்டிலிருந்து வேர் போன்ற நீண்ட தண்டொன்று மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. குடையின் நடுவில் உள்ள கூரிய முனை மண்ணைத் துளைப்பதற்கென்றே அமைந்தது. ஒரு புற்றின் கூட்டம் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால் காளானும் ஆண்டுதோறும் அதே இடத்தில் வரும். பறிப்பவர்கள் அந்த இடத்தைப் பிறருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். கரையானும் காளானும் சேர்ந்திருப்பது தமிழுக்குப் புதிதும் அன்று. சிறுபாணாற்றுப்படை ஒரு பாணனின் அடுக்களை வறுமையைக் காட்டும்போது, கரையான் அரித்த சுவரின் புழுதியில் காளான் பூத்திருப்பதைச் சொல்கிறது. ஐரோப்பிய அறிவியலுக்கு இது எட்டியது மிகப் பிந்தித்தான், அதுவும் தமிழ் மண்ணிலிருந்து. 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்த, தாவரவியலறிஞர் லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக், புற்றுக்குள் பூஞ்சை வளர்வதை 1779இல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். இலங்கையின் பேராதனைப் பூங்காவில் தாமஸ் பெட்ச் 1906இல் அதை விரிவாக ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942இல் இந்தக் காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை வகுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைத் தனி இனமாக விவரித்து, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார். இருநூறு ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது புற்றோரம் கூடையோடு நின்றவர்கள் அறிந்திருந்ததைத்தான்: அடையாளம் குடையில் மட்டும் இல்லை, அது எங்கிருந்து எழுகிறது என்பதில் இருக்கிறது.

இப்போது அந்த இடத்துக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே, அணைக்கான நிலத்துக்கு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் தொடங்கிய முல்லைப்பெரியாறு அணை வேலை பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் 1895இல் முடிந்தது. தேனி, மதுரை நிலங்களுக்கு அந்த நீர் தந்த வாழ்வை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீர் தேங்கிய பள்ளத்தாக்குகளில் காடும் புற்றும் தடங்களும் சேர்ந்தே மூழ்கின. ஏரியைச் சுற்றிய காடு 1934இல் வேட்டை விலங்குகளுக்கான காப்பிடமானது; 1950இல் பெரியாறு சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் விரிந்தது. காட்டுக்குள் கிழங்கும் தேனும் காளானும் தேடி வாழ்ந்த மன்னான்களும் பளியர்களும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். மன்னாக்குடி, பளியக்குடி என்று இன்று சுற்றுலாப் பயணிகள் அறிந்திருக்கும் ஊர்கள் அவை. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், புற்றை அறிந்தவர்களைப் புற்றிலிருந்து பிரித்தது இந்த வரலாற்றின் முதல் முறிவு. இரண்டாவது முறிவு தோட்டங்களோடு வந்தது. பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் வந்த தமிழர்கள் சமவெளிக்காரர்கள். கரிசலிலும் செம்மண்ணிலும் அவர்கள் கண்டிருந்த காளான்கள் வேறு, மழைக்காட்டு ஓரத்துக் காளான்கள் வேறு. 1940களிலும் 50களிலும் உணவுப் பயிர் பெருக்கத்தின் பேரால் வந்த மலையாளக் குடியேறிகளுக்கும் இதே நிலைதான். புதியவர்கள் பழையவர்களிடமிருந்து கற்றது உண்டு. ஆனால் அரைகுறையாகக் கற்றார்கள், இடத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பியவைதான் மஞ்சள் சோதனையும் அதன் கூட்டாளிகளும்.

இந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றும் உயிர்கள் இவற்றை நம்பியிருக்கின்றன. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். காளானின் கொடிய நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம் என்பது ஐரோப்பாவிலும் இருந்த நம்பிக்கை. வெள்ளி கந்தகத்தால் கறுக்கிறதே தவிர நஞ்சால் அல்ல. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் பொய், ஏனெனில் அமானிட்டா என்னும் நச்சுக் காளான் வகைகளின் நஞ்சைத் தாங்கும் ஈக்கள் உண்டு. கொதிக்க வைத்து நீரை வடித்தால் போதும் என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது: அமானிட்டாவின் ஈரலைக் கொல்லும் நஞ்சு கொதிநீரிலும் சிதையாது. இங்கே ஒரு மறுப்பு எழும், அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து மஞ்சள் போட்டுத்தான் சமைக்கிறோம், யாரும் சாகவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி மஞ்சளில் போட்டது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த புற்றின் காளானை. சோதனை தொடங்குவதற்கு முன்பே அவருடைய கால் சரியான இடத்தில் நின்றுவிட்டது. நல்ல காளானை மட்டுமே சந்தித்த சோதனை ஒருபோதும் தோற்காது. தோற்காததால் அதற்கு ஆற்றல் இருப்பதாகத் தோன்றும். அதே சோதனையைத் தெரியாத காளானிடம் கொண்டுபோகும்போதுதான் அது கைவிடும்.

தெரியாத காளான் என்ன செய்யும் என்பதைக் காண அசாமுக்குப் போக வேண்டும். 2022 ஏப்ரலில் அங்கே மேல் அசாம் மாவட்டங்களில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களும் தலைமுறைகளுக்கு முன் வேறு நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்தான். வண்டிப்பெரியாறு லயங்களின் வரலாறும் அதே அச்சில் வார்த்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். இடம்பெயர்வது மனிதர்கள் மட்டுமல்ல, காளான்களும்கூட. நீலகிரியில் நட்ட வெளிநாட்டுப் பைன் மரங்களின் வேரோடு ஒட்டி, சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி கொண்ட அமானிட்டா மஸ்காரியா இன்று வளர்கிறது. நம் மூதாதையர் யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. பழைய அறிவு பழைய காட்டுக்கு உரியது. மாறிய மலையில் அது தானாகச் செல்லுபடியாகாது.

அப்படியானால் காட்டுக் காளானையே விட்டுவிடலாமே, கடையில் பால்காளானும் சிப்பிக்காளானும் கிடைக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. தெரியாதவர்களுக்கு அதுவே சரியான வழி, தயங்காமல் சொல்கிறேன். ஆனால் எல்லோருக்கும் அதையே விதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புற்றுக்காளானை வணிகமாகப் பயிரிட இன்னும் வழி காணவில்லை. பறிப்பது நின்றால் அந்தச் சுவையோடு, கரையானையும் மழையையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்த ஒரு பார்வையும் போய்விடும். ஆகவே பறிக்கிறவர்கள் பழைய முறையின் உள்ளீட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். தண்டை நுனியில் ஒடிக்காமல் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். வேர் போன்ற தண்டு புற்றை நோக்கி இறங்கினால் ஓர் அடையாளம் கிடைத்தது. அடியில் பை போன்ற உறை இருந்தால் அது அமானிட்டாவாக இருக்கலாம். மேலே ஒடித்தெடுத்தால் அந்த உறை மண்ணுக்குள் நின்றுவிடும், எச்சரிக்கை கண்ணில் படாது. புற்றோரம் என்பது மட்டும் போதாது, வேறு பூஞ்சைகளும் புற்றில் முளைக்கும். புல்வெளியிலும் சாணத்தருகிலும் குடை விரித்து, முதிரும்போது குடைக்கு அடியிலுள்ள செவுள்கள் பச்சையாகும் குளோரோஃபில்லம், தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தரும். மருந்தடித்த ஏலத்தோட்டத்துப் புற்று நல்ல புற்று ஆனாலும் வேண்டாம், காளான் மண்ணில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். காப்பகத்துக்குள் அனுமதியின்றிப் போவதும் கூடாது. பறித்த அன்றே நன்றாக வேகவைத்துத் தின்ன வேண்டும். பழகிய காளானே ஆனாலும் ஒரு நாள் கிடந்தால் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே புற்றில் பல ஆண்டு பறித்த ஒருவர் பக்கத்தில் நின்று சரி என்று சொல்ல வேண்டும். கைப்பேசிப் படம் அந்த ஆளுக்கு ஈடாகாது.

மன்னாக்குடியிலும் பளியக்குடியிலும் அந்த அறிவோடு முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக மதித்து, அவர்களுடைய சம்மதத்தோடு புற்று புற்றாக, மாதம் மாதமாகப் பதிவு செய்யும் வேலையை வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் தொடர்ந்து செய்ய வேண்டும். அந்தப் பதிவு தமிழிலும் மலையாளத்திலும் லயங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அதுவரை ஒன்றை மட்டும் ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்கட்டும்: காளான் தின்று ஆறு மணி நேரமோ அதற்கும் மேலோ கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால், அது ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். இடையில் ஒரு நாள் உடம்பு தேறியது போலவும் காட்டும், அதை நம்பாதீர்கள். மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.